சுளுக்கா, டிஸ்கா, இடுப்பு மூட்டா? பெயர் தெரியாத வலியோடு நான்கு வாசல்கள்

கல்யாணப் பந்தியில் தரையில் உட்காருவது எளிது, எழுந்திருப்பதில்தான் இருக்கிறது சங்கதி. மூன்று வருடத்துக்கு முன்பு மன்னார்குடியில் ஒரு விருந்தில், மோர்ச் சாதம் முடித்து இலையை மடித்துவிட்டு எழ முயன்றேன். இடது தொடையிடுக்கில் ஆணி இறங்கியது போலிருந்தது. பக்கத்து இலைக்காரர் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். அன்று வந்த வலி அடிமுதுகு, இடுப்பு, தொடையிடுக்கு என்று மூன்று இடங்களில் மாறி மாறிக் குடியிருக்கிறது. உறுதியான பெயர் சொல்ல இன்னும் யாருக்கும் வாய்க்கவில்லை.

இதற்குள் நான் ஏறி இறங்கிய வாசல்கள் நான்கு: சுளுக்கு எடுப்பவர், மருந்துக்கடை, ஸ்கேன், பிசியோதெரபி. எது குணப்படுத்தியது என்று கேட்டால் நான்குக்குமே மதிப்பெண் போட முடியாது. எது என் வலியைப் பற்றி எனக்கு ஏதாவது சொல்லிக் கொடுத்தது, எது அன்றாடத்தை ஓட்ட உதவியது என்று கேட்டால் ஒன்று முன்னே வந்து நிற்கிறது.

எங்கள் பக்கத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பவனுக்குக் கிடைக்கும் முதல் தீர்ப்பு வாயுப் பிடிப்பு. அடுத்தது சுளுக்கு. தாயின் வயிற்றிலிருந்து கால் முன்னால் வந்து பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு விடும் என்பது என் பெரியம்மாவின் அசையாத நம்பிக்கை. தெருவில் அப்படிப் பிறந்தவன் பால்காரர் மகன், பிளஸ் டூ மாணவன். திண்ணையில் என்னைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். "நன்றாக ஊன்றி மிதி, தம்பி" என்று பெரியம்மா அதட்ட, அவன் ஏதோ கோலத்தின் மேல் கால் வைப்பவனைப் போல மூன்று முறை தொட்டுவிட்டு ஓடிவிட்டான். என்னைவிட அவனுக்குத்தான் கூச்சம். அவன் ஊன்றி மிதிக்காதது நல்லது என்று இப்போது தோன்றுகிறது. எலும்பு தேய்ந்த வயதானவர்களுக்கு இந்த வைத்தியத்தில் விலா எலும்போ முதுகெலும்போ முறியலாம். அதன்பின் நொச்சி இலை ஒத்தடமும் எண்ணெய்த் தேய்ப்பும் நடந்தன. இறுகிய தசை சூட்டில் தளரும், அன்றிரவு தூக்கம் வரும். செலவும் இல்லை. ஆனால் காலையில் செருப்பு மாட்டக் குனிந்தால் ஆணி அதே இடத்தில்தான் இருந்தது.

மருந்துக்கடை வாசலை நான் ஏளனம் செய்ய மாட்டேன். சம்பா அறுவடை நேரத்தில் களத்துமேட்டில் நிற்க வைத்தது டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரைதான். ஒரு வாரம் போடுவது வேறு, ஆறு மாதம் போடுவது வேறு. வயிற்றில் புண், சிறுநீரகத்துக்குக் கேடு, இரத்த அழுத்தம் ஏறுவது எல்லாம் இந்த வகை மாத்திரைகளோடு சேர்ந்து வருபவை. சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. இதைவிட மோசம், பெயரில்லாத பொட்டலத்தில் கட்டிக் கொடுக்கும் வெள்ளை மாத்திரை. அதில் ஸ்டீராய்டு இருந்தால் வலி மாயமாகத்தான் பறக்கும். ஆனால் ஸ்டீராய்டை நீண்ட காலம் தின்றால் தொடை எலும்பின் பந்து போன்ற தலைப்பகுதிக்கு இரத்தம் போவது குறைந்து எலும்பு செத்துப்போகக்கூடும். குடி அதிகமானவர்களுக்கும் இது வரும். அந்த நோய் பெரும்பாலும் தொடையிடுக்கு வலியாகத்தான் தலைகாட்டும்.

மூன்றாவது வாசலில்தான் என் பணம் அதிகம் போனது. தஞ்சாவூருக்கு இரண்டு நடை. முதுகு எம்ஆர்ஐயில் 'எல்4-எல்5 டிஸ்க் பிதுக்கம்' என்று வந்தது, அதாவது அடிமுதுகின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவில் மெத்தை போலிருக்கும் வட்டு பிதுங்கியிருக்கிறதாம். மருத்துவர் ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், பெல்ட் எழுதினார், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். என்னைப் படுக்கச் சொல்லவில்லை, காலைத் தொட்டும் பார்க்கவில்லை. என் ஆதங்கம் இதுதான். முதுகை எடுத்த படத்தில் இடுப்பு மூட்டு சரியாகத் தெரியாது என்பதையும் யாரும் சொல்லவில்லை. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் வந்த ஆய்வு ஒன்றில், 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுங்கியிருந்தது. என் பிதுக்கம் குற்றவாளியா, பக்கத்தில் நின்ற அப்பாவியா என்று படம் எப்படிச் சொல்லும்?

அதற்காக ஸ்கேனே வேண்டாம் என்பதில்லை. சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனால், சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால், உட்காரும் இடம் மரத்தால், கால் வலுவிழந்தால் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு, படுத்தும் தணியாத இரவு வலி இவையும் தள்ளிப்போடக் கூடாதவை. முதுகிலிருந்து தொடையிடுக்கு வரை அலையலையாக வந்து புரட்டினால் சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். இருமும்போது இடுக்கில் புடைத்தால் குடலிறக்கம். இளவயதில் தொடங்கி, காலையில் அரை மணிக்கு மேல் விறைத்து, நடக்க நடக்கத் தளரும் முதுகு வலிக்கு வாத நோய் மருத்துவர்தான் சரி.

நான்காவது வாசலில் ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட். மல்லாக்கப் படுக்க வைத்து, இடது முழங்காலை மடக்கித் தூக்கி, பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் திருப்பினார். கல்யாண மண்டபத்து ஆணி அப்படியே இறங்கியது. "வலி இதுதானே, சார்?" என்றார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. இடுப்பு மூட்டு இருப்பது நாம் கை வைக்கும் பக்கவாட்டில் இல்லையாம், தொடையிடுக்குக்குப் பின்னால் ஆழத்திலாம். அதனால் அதன் வலி இடுக்கில் தெரியும், சிலருக்கு முழங்கால் வரை இறங்கும். பிறகு எடுத்த இடுப்பு எக்ஸ்ரேயில் லேசான தேய்மானம். அதுதான் காரணம் என்று அவரும் சத்தியம் செய்யவில்லை. முதுகும் மூட்டும் ஆளுக்குப் பாதி இருக்கலாம் என்றார்.

இந்த வாசலிலும் வீண் உண்டு. இதற்கு முன் போன வேறொரு நிலையத்தில் பத்து நாள் கரண்ட் வைத்தார்கள், இடுப்பைக் கட்டி இழுத்தார்கள், ஒரு பயிற்சிகூடச் சொல்லித் தரவில்லை. நாள்பட்ட அடிமுதுகு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல் உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. பெல்ட்டையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. என் பெல்ட் இப்போது பரணில்.

எனக்குக் கிடைத்தவை இரண்டு பயிற்சிகள்: மல்லாந்து முழங்கால் மடக்கி இடுப்பைத் தூக்குவது, ஒருக்களித்துப் படுத்து மேல்காலை உயர்த்துவது. கூடவே நடை. வரப்பில் நடந்தால் பாதம் சரிந்து இடுப்பு முறுக்கிக்கொள்கிறது, ஆகவே வாய்க்கால் கரைத் தார்ச்சாலையில் 20 நிமிடம். ஆறு வாரம் கழித்துத்தான் வித்தியாசம் தெரிந்தது. நான்கு வாசல்களில் மிகவும் அலுப்பூட்டுவது இதுவே. ஒரு வாரம் விட்டால் வலி திரும்பி வந்து கணக்குக் கேட்கிறது. பணம் இல்லாதவர்களும் முடங்கிக் கிடப்பவர்களும் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை விசாரிக்கலாம், அதில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்வதும் உண்டு.

மறுபடி முதலிலிருந்து என்றால், காலைத் திருப்பிப் பார்க்கும் ஒருவரிடம் முதலில் போவேன், ஸ்கேன் அவர் சொன்ன பிறகு. மாத்திரை கைக்காவலுக்கு மட்டும். ஒத்தடத்தை விட மாட்டேன், மார்கழிக் குளிரில் அதற்கு ஈடு கிடையாது. பெரியம்மாவிடம் பிசியோதெரபி பற்றி இன்னும் சொல்லவில்லை. நான் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பதைப் பார்த்துவிட்டு, பால்காரர் மகனுக்குத் தீபாவளிக்குச் சட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.