முகப்புச் செங்கலைத் தாங்கும் ஆங்கிள்: டர்பன் கடற்காற்றில் பல ஆண்டு அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் தென்பகுதியான மெர்பேங்க்கில் உள்ள எங்கள் வீட்டுக்கு மாடி எடுத்தபோது, வெளிச்சுவர் முழுவதற்கும் பேஸ் பிரிக் என்னும் முகப்புச் செங்கல் வைத்துக் கட்டினோம். கீழ்த்தளத்தில் அது அடித்தளத்தின் மேலேயே நிற்கிறது. கார் நிறுத்தும் வாயிலுக்கு மேலுள்ள பகுதியோ, கான்கிரீட் உத்தரத்தில் போல்ட் போட்டு முடுக்கிய எல் வடிவ எஃகுச் சட்டமான ஆங்கிளை மட்டுமே நம்பி நிற்கிறது. 106 மி.மீ. தடிமனுள்ள செங்கல் வரிசை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ கனக்கும். 5 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமும் உள்ள முகப்பு என்றால் இரண்டரை டன். செங்கலின் நிறத்துக்காகக் கடை கடையாக ஏறி இறங்குகிறவர்கள், இவ்வளவு பாரத்தையும் சுமக்கும் ஆங்கிளை மட்டும் கொத்தனார் கையில் விட்டுவிடுவது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

எங்கள் பொறியாளர் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத்தான் போட வேண்டும் என்றார். அதிலுள்ள மாலிப்டினம் என்னும் உலோகம் கடல் உப்பின் அரிப்பைத் தாங்கும். அது சேராத 304 ரகத்தில் செய்த எங்கள் வாயிற்கதவுக் கைப்பிடியில் தேநீர்க் கறை போலப் பழுப்பு படர்ந்துவிட்டது. போல்ட்டும், செங்கலை உட்சுவரோடு பிணைக்கும் கம்பிகளும் அதே ரகமாக இருக்க வேண்டும் என்பதிலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் துத்தநாகம் பூசிய இரும்பும் ஈரத்தில் ஒட்டியிருந்தால், துத்தநாகம் விரைவாகக் கரைந்துபோகும். விலை கூடுதல்தான், ஆனால் எங்கள் ஆங்கிளின் விளிம்பில் இன்றுவரை துரு இல்லை.

அதே தெருவில் என் மைத்துனர் துத்தநாகம் பூசிய ஆங்கிளைப் போட்டிருந்தார். முதலில் வாயிலின் மேல்விளிம்பில் செம்மஞ்சள் ஒழுக்கு தெரிந்தது. பிறகு ஆங்கிளின் இரு முனைகளிலும் கலவை இணைப்பு மயிரிழையாக விரிந்து, படிப்படியாக மேலேறியது. இரும்பு துருவானால் அதன் பருமன் சில மடங்கு பெருகுவதால், அது மேலிருக்கும் செங்கலைத் தூக்கிவிடும். இப்போது முட்டுக் கொடுத்து, கீழ்வரிசைகளைப் பிரித்து ஆங்கிளை மாற்ற வேண்டியிருக்கிறது.

செங்கல் மழைநீரைத் தடுத்துவிடும் என்று நம்பக் கூடாது. பின்னால் இறங்கும் நீரை வெளியே திருப்ப ஆங்கிளின் மேல் டிபிசி என்னும் ஈரம் புகாத தாளும், அதற்கு மேல் கசிவுத் துளைகளும் வைத்தோம். 2022 ஏப்ரல் பெருமழையின்போது அத்துளைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. உட்சுவரில் ஈரம் ஏறவில்லை. ஆண்டுதோறும் காவடிக்கு முன் வீட்டைக் கழுவும்போது துளைகளில் ஒரு கம்பியை விட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம்.

ஆங்கிளுக்கும் அதன் கீழே வரும் சுவருக்கும் நடுவே 10 மி.மீ. இடைவெளி விட்டிருந்தோம். சூளையிலிருந்து வந்த செங்கல் ஈரம் வாங்கி ஆண்டுக்கணக்கில் மெல்ல உப்பும்; கான்கிரீட்டோ சுருங்கும். ஆகவே அங்கே கலவை வைத்து அடைத்தால் கீழ்ச்சுவர் ஆங்கிளை முட்டித் தள்ளும். ரப்பர் போல நெகிழும் அடைப்புப் பசையான மிருதுவான சீலன்ட்தான் வேண்டும், ஆனால் அது நிரந்தரமல்ல. தென்னரைக்கோளத்தில் வெயில் அதிகம் படும் வடக்குமுகம் ஆதலால், வெயிலில் இறுகி வெடித்த அதை ஒருமுறை மாற்றினோம். சீலன்ட்டின் விலையைவிடச் சாரத்தின் வாடகைதான் அதிகமாயிற்று.