சொந்த அறக்கட்டளையா, இருக்கிற தொண்டு நிறுவனமா? ஓசூரில் ஒரு 10 லட்ச ரூபாய்க் கணக்கு

ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒருவர் எங்கள் ஆடிட்டர் ஆபீஸுக்கு நெடுநாள் பழக்கம். அவர் கம்பெனியின் மூன்று வருஷ லாபம், வரிக்கு முன்னால், 3.8 கோடி, 4.6 கோடி, 6.6 கோடி. கடைசி வருஷம் 5 கோடியைத் தாண்டிவிட்டதால் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு அவரைப் பிடித்துக்கொண்டது. மூன்றையும் கூட்டினால் 15, சராசரி 5 கோடி, அதில் 2 சதவீதம் 10 லட்சம். அதைச் சமூகப் பணிக்குச் செலவழித்தாக வேண்டும். சொன்னதும் முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "அப்பா பேர்ல ஒரு ஃபவுண்டேஷன் ஆரம்பிச்சிடலாம் சார். பையன் லோகோகூடப் போட்டு வெச்சிருக்கான்" என்றார். "டிவிஎஸ் வெச்சிருக்கே, நாம வெச்சா என்ன?"

நியாயமான கேள்விதான். அதே ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டிவிஎஸ் மோட்டாரின் குழுமம் 1996-லேயே சீனிவாசன் சேவை அறக்கட்டளையைத் தொடங்கிவிட்டது. கம்பெனிகளைச் சமூகப் பணிக்குச் செலவழிக்கச் சொல்லும் இந்த சிஎஸ்ஆர் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2014 ஏப்ரலில். அதாவது, கட்டாயம் வருவதற்குப் பதினெட்டு வருஷம் முன்பே அவர்களுக்குச் சொந்தமாகக் களப்பணியாளர்கள் இருந்தார்கள். அங்கன்வாடி, சுகாதாரம், விவசாயம், மகளிர் குழு என்று கிராமம் கிராமமாக வருஷக்கணக்கில் உட்கார்ந்து வேலை பார்க்கிற அமைப்பு அது. ஆள் பலம் முதலில் வந்தது, சட்டக் கணக்கு பிறகு வந்து சேர்ந்தது.

அதே ஊரில் அசோக் லேலண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 'ரோடு டு ஸ்கூல்' என்ற பெயரில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கைவர உதவும் திட்டம் வைத்திருக்கிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் தொடங்கினார்கள். பெயரும் பணமும் கம்பெனியுடையது. பள்ளிக்குப் போய் வேலை செய்கிறவர்கள் லேர்னிங் லிங்க்ஸ் ஃபவுண்டேஷன் என்ற வெளி அமைப்பினர். இரண்டு பெரிய வண்டிக் கம்பெனிகள், ஒரே ஊர், இரண்டு வழி. பெரிய கம்பெனி என்றாலே சொந்த அறக்கட்டளை வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

மூன்றாவதாக, டாடா குழுமத்தின் டைட்டனும் இங்கேதான் இருக்கிறது. அது முற்றிலும் வேறு கதை. அந்தக் குழுமத்தின் தாய்க் கம்பெனியான டாடா சன்ஸின் பங்குகளில் 66 சதவீதம் டாடா அறக்கட்டளைகளிடம் இருக்கிறது. கம்பெனி அறக்கட்டளை வைத்திருப்பதற்குப் பதில், அங்கே அறக்கட்டளை கம்பெனியை வைத்திருக்கிறது. ஓசூரில் செய்த கைக்கடிகாரத்தின் லாபத்தில் ஒரு துளி, டிவிடெண்டாக ஏறி, கடைசியில் தர்மக் கணக்கில் போய்ச் சேரும். (டைட்டனில் டாடாவைவிடக் கொஞ்சம் கூடுதல் பங்கு தமிழ்நாடு அரசின் டிட்கோவிடம் இருக்கிறது என்பதைச் சொன்னால் ஓசூர்க்காரர்களே நம்புவதில்லை.) டைட்டனுக்கென்று தனியாக 2 சதவீதக் கடமையும் உண்டு, அது வேறு கணக்கு.

இந்த மூன்றாவது அமைப்பை நம் ஆளுக்கு எடுத்துச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. டாடா அறக்கட்டளைகளுக்குச் சொந்த மூலதனம் என்று ஒன்று இருக்கிறது. கம்பெனி ஒரு வருஷம் தடுமாறினாலும் அறக்கட்டளை பிழைத்துக்கொள்ளும். சிஎஸ்ஆர் பணத்தில் அப்படி ஒரு மூலதன நிதியை உருவாக்க முடியாது. 2021 ஜனவரி 22 திருத்தத்துக்குப் பிறகு, எந்த அமைப்பின் மூலநிதிக்கும் கொடுத்த பணம் சிஎஸ்ஆர் செலவாகக் கணக்கில் வராது. சொந்த அறக்கட்டளைக்குப் பணத்தை மாற்றிவிட்டாலே செலவு முடிந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. அதுவும் கிடையாது. அறக்கட்டளை அதை உண்மையில் செலவழித்தால்தான் கணக்கு. கம்பெனியின் நிதித் தலைவர் அதற்குச் சான்று தர வேண்டும். ஆக, நம் ஆள் தொடங்கும் அறக்கட்டளை, ஒவ்வொரு வருஷமும் கம்பெனி ஊற்றுவதைக் குடித்து உயிர் வாழும் பிள்ளையாகத்தான் இருக்கும். வண்டிச் சந்தை படுத்து லாபம் 5 கோடிக்குக் கீழே போனால் அதற்கும் பட்டினி.

சரி, ஆசை விடவில்லை, சொந்தமாகவே தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அறக்கட்டளைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். இல்லையென்றால் கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் லாப நோக்கமில்லாத கம்பெனியாகப் பதியலாம். பத்திரம் சுலபம். இரண்டு மூன்று அறங்காவலர்கள், ஒரு நல்ல வக்கீல், ஒரு வாரம் போதும். ஆனால் எழுதும்போது என்ன எழுதினோமோ அதுதான் கடைசிவரை. நோக்கத்தைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு. "அறங்காவலர் பதவி வாரிசு வழியில்" என்று ஒரு வரி எழுதிவிட்டு, அப்புறம் அண்ணன் தம்பி சண்டையில் அறக்கட்டளையே பூட்டிக்கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். 8-ஆம் பிரிவுக் கம்பெனியில் வேலை அதிகம். உரிமம் வாங்க வேண்டும், வருஷா வருஷம் கம்பெனிப் பதிவாளருக்குக் கணக்கும் படிவமும் போக வேண்டும், வருமானம் ஒரு ரூபாயாக இருந்தாலும் தணிக்கை கட்டாயம். அந்தத் தொல்லைதான் அதன் பலமும். யார் இயக்குநர், எவ்வளவு வந்தது, எங்கே போனது என்று வெளியாள் எவரும் கட்டணம் கட்டிப் பார்த்துக்கொள்ளலாம். பத்திரப்பதிவு அறக்கட்டளையில் அவ்வளவு வெளிச்சம் கிடையாது. என்னைக் கேட்டால், பெரிய தொகை, வெளியாட்களின் பணமும் வரும் என்றால் 8-ஆம் பிரிவு. குடும்பத்துக்குள் சின்ன அளவில் என்றால் பத்திரம், ஆனால் வாரிசு வரி இல்லாமல்.

எதுவானாலும் வருமான வரித் துறையிடம் தர்ம அமைப்புக்கான பதிவு (12ஏ, 80ஜி என்பார்கள்) வேண்டும், அப்புறம் சிஎஸ்ஆர் பணத்தைக் கையாள மத்திய அரசிடம் பதிந்து வாங்கும் சிஎஸ்ஆர்-1 எண் வேண்டும். வெளி அமைப்பு என்றால் மூன்று வருஷ அனுபவம் காட்ட வேண்டும். கம்பெனியே தொடங்கிய அமைப்புக்கு அந்த நிபந்தனை இல்லை. நம் ஆள் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் அடுத்த கணக்கைப் போட்டேன். ஒரு கணக்காளருக்குப் பாதி நேரச் சம்பளம், தணிக்கைக் கட்டணம், ஒரு ஒருங்கிணைப்பாளர், அவருக்கு ஒரு இருசக்கர வண்டி, பெட்ரோல். 10 லட்சத்தில் கிராமத்துக்குப் போய்ச் சேர்வது என்ன?

இங்கே ஒரு தவறான புரிதலைச் சொல்லிவிட வேண்டும். நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. இதைக் காட்டித் தொண்டு நிறுவனங்களின் களப்பணியாளர் சம்பளத்தை வெட்டுகிற கம்பெனிகளைப் பார்க்கிறேன். அந்த 5 சதவீதம் கம்பெனியின் சொந்த சிஎஸ்ஆர் நிர்வாகத்துக்கான உச்சவரம்பு. திட்டத்தில் நேரடியாக வேலை செய்கிற டீச்சர், நர்ஸ், களப்பணியாளர் சம்பளம் எல்லாம் திட்டச் செலவு. ஆளுக்குச் சம்பளம் கொடுக்க மாட்டேன், பெஞ்சு மட்டும் வாங்கித் தருவேன் என்பது விதி போட்ட தடை கிடையாது, கம்பெனியின் விருப்பம்.

இனி மறுபக்கம். தொண்டு நிறுவனத்திடம் பணத்தைக் கொடுத்துவிட்டால் எல்லாம் நல்லபடி நடக்குமா? என் மாமனார் ஊர் பென்னாகரம் பக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை தெரியும், வயதானவர்களுக்கு மூட்டு மடங்காது. இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013 மே மாதம் தொடங்கி வைத்தார்கள். இந்தப் பக்கம் வருகிற சிஎஸ்ஆர்காரர்களுக்கு தண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. எந்திரத்தின் மேல் தனிப் பிரியம் உண்டு. மாமனார் ஊரிலும் ஒன்று வைத்தார்கள். கம்பெனி பணம், வெளியூர்த் தொண்டு நிறுவனத்தின் வேலை. ரிப்பன் வெட்டினார்கள், குடத்துக்கு ஐந்து ரூபாய் என்று காசு போடும் பெட்டி வைத்தார்கள். பதினான்கு மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் உள்ளே இருக்கும் சவ்வு அடைத்துக்கொண்டது.

ஊராட்சியில் கேட்டால், "அது கம்பெனிக்காரங்க வெச்சது, நாங்க கை வைக்க முடியாது." கம்பெனிக்குப் போன் போட்டால், "ஒப்படைச்சாச்சே சார், கையெழுத்துகூட இருக்கு." தொண்டு நிறுவனத்தில் எடுத்தவர், "அந்த புராஜெக்ட் மார்ச்சோட முடிஞ்சுதுங்க" என்றார். சவ்வு மாற்றுவது சில ஆயிரம் ரூபாய்ச் சமாச்சாரம். இன்றைக்கு அந்த அறையில் புளி மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். வெளியே பதித்த கல்வெட்டு மட்டும் பளபளவென்று இருக்கிறது. கிருஷ்ணகிரிக் கருங்கல் ஆயிற்றே.

இதில் மூன்று பேரும் சொன்னது பொய்யில்லை. சிஎஸ்ஆர் பணத்தில் உருவாகும் சொத்தைக் கம்பெனி தன் பேரில் வைத்துக்கொள்ளக் கூடாது. ஊராட்சி போன்ற பொது அமைப்பிடமோ, பயனாளிகளின் குழுவிடமோ, சிஎஸ்ஆர் எண் உள்ள தர்ம அமைப்பிடமோ ஒப்படைக்க வேண்டும். சொத்து யாருடையது என்பதற்கு விதி பதில் சொல்கிறது. மோட்டார் எரிந்தால் யார் வருவார்கள் என்பதற்கு ஒப்பந்தத்தில்தான் பதில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டார்கள்.

அதனால் தொண்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் ஆண்டறிக்கையின் வழுவழுப்பான அட்டையைப் பார்ப்பதில்லை. வேலை நடக்கும் ஊரிலேயே யாராவது ராத்திரி தூங்குகிறார்களா என்று கேட்பேன். அரூர் தாண்டிச் சித்தேரி மலைப் பக்கம் சிட்டிலிங்கியில் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1993-ல் குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். அதே பள்ளத்தாக்கின் பழங்குடிப் பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்சி கொடுத்து வளர்த்தார்கள், பிறகு இயற்கை விவசாயிகள் சங்கம், லம்பாடிப் பெண்களின் எம்பிராய்டரி வேலை என்று விரிந்தது. முப்பது வருஷத்தைத் தாண்டியும் அங்கேயே இருக்கிறார்கள். ஒரு கம்பெனியின் புது அறக்கட்டளை பத்து வருஷம் உழைத்தாலும் இந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க முடியாது. எல்லா ஊரிலும் இப்படி அமைப்பு கிடைக்காது என்பதும் உண்மைதான். ஆனால் தேடினால் சின்ன அளவில் கிடைக்கும். தொழிற்சாலை ஓசூரில் இருக்கிறது என்பதற்காக ஓசூரிலேயே சுற்ற வேண்டியதில்லை. உள்ளூருக்கு முன்னுரிமை என்பது சட்டத்தில் ஒரு வழிகாட்டல்தான், வேலி கிடையாது.

மற்ற இரண்டு வழிகளைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். கம்பெனியின் ஹெச்.ஆர். ஆட்களே நேரடியாகச் செய்வது ஒன்று. சட்டம் அனுமதிக்கிறது, செலவும் குறைவு. நடைமுறையில் இது மார்ச் மாத வேலையாகிவிடும். பரீட்சை நடக்கும் பள்ளிக்குள் லாரி வந்து பெஞ்சு இறங்கும், போட்டோ எடுப்பார்கள். வருஷம் பூராவும் பார்த்துக்கொள்ள ஒரு ஆளை ஒதுக்கினால் இதுவும் நல்ல வழிதான். ஒதுக்குவதைத்தான் பார்த்ததில்லை.

இன்னொன்று அரசு வழி. 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல், நம்ம ஊரு பள்ளி' மூலம் கம்பெனிகளும் முன்னாள் மாணவர்களும் அரசுப் பள்ளிகளுக்குக் கொடுக்கலாம். கட்டடம், கழிப்பறை, வகுப்பறைச் சாமான் என்றால் இது நேர்வழி, சொத்து யாருடையது என்ற குழப்பமே இல்லை. பிரதமர் நிவாரண நிதிக்குப் போட்டாலும் சிஎஸ்ஆர் கணக்கில் வரும், முதலமைச்சர் நிவாரண நிதிக்குப் போட்டால் வராது. இதை 2020 ஏப்ரலில் மத்திய அரசு தெளிவாக்கிவிட்டது. நிதிக்கு ஒரே காசோலையில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் பத்து மைல் தள்ளி இருக்கிற ஊருக்கு அதில் ஒரு குண்டூசியும் வராது.

நம் ஆளுக்கு நான் சொன்னது இதுதான்: வருஷத்துக்கு ஒரு கோடி என்கிற அளவு வரும்வரை சொந்த அறக்கட்டளை வேண்டாம். அந்த ஒரு கோடி என் சொந்த அனுபவக் கணக்கு, சட்டத்தில் எங்கும் இல்லை. அப்படி வந்தாலும், முழுநேர ஆட்களை எடுத்து நிறுத்த மனசிருந்தால் மட்டும். அதுவரை, தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம் மலைக் கிராமங்களில் மாலைப் பள்ளி நடத்தும் ஒரு சின்ன அமைப்பிடம் கொடுங்கள், ஆனால் ஒரு வருஷத்துக்கு மட்டும் கொடுக்காதீர்கள். விதியில் 'தொடர் திட்டம்' என்று ஒன்று இருக்கிறது. தொடங்கிய வருஷத்தோடு இன்னும் மூன்று வருஷம் நடத்தலாம். அந்த வருஷம் செலவாகாத பாக்கியை மார்ச் முடிந்து 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டுவிட்டால் மார்ச் மாதப் பதற்றமே இல்லை. இந்த ஒரு வசதியைச் சின்னக் கம்பெனிகள் ஏன் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு இன்றைக்கும் புரியாத விஷயம்.

அவர் இரண்டு தடவை அந்த ஊர்களுக்குப் போய் வந்தார். இரண்டாம் தடவை மனைவியையும் கூட்டிப்போனார், களி உருண்டை சாப்பிட்டுவிட்டு ராத்திரிதான் திரும்பினார்கள். ஒப்பந்தத்தில் அவரே ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: அந்தந்த ஊர்ப் பெண்களையே டீச்சராகப் போட வேண்டும், திட்டம் முடிந்த பிறகு அவர்கள் சம்பளத்தை யார் கொடுப்பது என்று இரண்டாம் வருஷமே உட்கார்ந்து பேச வேண்டும். பையனின் லோகோ வீணாகவில்லை. பிள்ளைகளின் வருகைப் பதிவேட்டு அட்டையில் ஒட்டிக்கொண்டார்கள். ஒன்று தலைகீழாக ஒட்டியிருக்கிறதாம்.