கோயமுத்தூர் பிளைட் சிமுலேட்டர்: மெஷினுக்கு 3 ஸ்டாரு, பைலட் அண்ணனுக்கு 5

அக்கா பையன் பைலட் ஆவோணும்னு ஒரே ரோதனைங்க, சரி வாடான்னு பொள்ளாச்சில இருந்து கூட்டிட்டு போனேன், ஸ்கிரீன பாத்துட்டே பிளேன் ஓட்டிப் பழகற இந்த மெஷினு அவினாசி ரோட்டுக்கு உள்ளார ஒரு சந்துல மாடி மேல இருக்குது, பேரு வேண்டாம், போர்டு மரத்துக்கு பின்னால இருக்கறதால ரெண்டு ரவுண்டு அடிச்சுத்தான் கண்டுபுடிச்சோம். அரை மணிக்கு 1,200 ரூவா. ஏசி ஓடுது, குளுரல. மூணு ஸ்கிரீன்ல நடுவுல இருக்கறது அப்பப்ப திக்குது, ரன்வே கிட்ட வர்றப்ப அது நின்னுபோச்சுன்னா எங்கீங்க எறக்கறது?

ஆனா சொல்லிக்குடுக்கற அண்ணன் நெசமாவே பிபிஎல் வெச்சிருக்காரு, அதான் பிரைவேட் பைலட் லைசென்சு. அவர்கிட்ட பேச்சு குடுக்கறதுக்குள்ள எனக்கு தாவு தீந்துபோச்சு. எந்த கம்பெனி பிளைட்டுங்ணா ஓட்றீங்கன்னேன், கம்பெனியெல்லாம் இல்லீங்கன்னு முடிச்சுட்டாரு. சம்பளம் எவ்வளவு வருமுங்கன்னேன், இந்த லைசென்ச வெச்சு காசுக்கு ஓட்டக்கூடாதுங்க, சொந்த ஆசைக்குத்தான்னாரு. அதோட நிறுத்தாம, வானத்துல இஞ்சின் நின்னுட்டா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன் பாருங்க, மனுசன் வாட்ச பாத்துட்டாரு. எல்லாரும் கேக்கறதயே நானும் கேட்டிருக்கேன் போல.

அப்பறம் நான் சீட்டுல உக்காந்து செஸ்னா 172ங்கற சின்ன பிளேன ரன்வேல ஓட்டறேன், வளையத்த எவ்வளவு திருப்புனாலும் வண்டி திரும்பமாட்டீங்குது. கால்ல திருப்புங்க, தரைல எல்லாமே கால்தான், பெடல் உச்சில மிதிச்சா அந்தப்பக்க சக்கரத்துக்கு மட்டும் பிரேக்குன்னாரு. அட, நம்ம டிராக்டர்ல லெப்ட் பிரேக்கு ரைட் பிரேக்கு தனித்தனியா இருக்குமே அதாட்டமான்னேன். அவ்வளவுதான், உங்களுக்கு டிராக்டர் ஓட்ட வருமான்னு அவரு என்னைய கேக்க ஆரம்பிச்சுட்டாரு!

நம்மூரு ஆடிக்காத்துல எப்படிங்ணா எறக்குவீங்கன்னு அதே சூட்டுல கேட்டேன், சேர இழுத்துப்போட்டு உக்காந்துட்டாரு. பீளமேடு ஏர்போர்ட்டு ரன்வேயோட ரெண்டு முனைக்கும் 05, 23ன்னு நெம்பராம், 23ன்னா 230 டிகிரி, தென்மேக்க பாத்த மொகம். பாலக்காட்டு கணவாய்ல இருந்து வர்ற காத்து நேரா மூஞ்சிக்கு வந்தா நல்லதாம், தரைல வேகம் கொறச்சலா எறங்கலாம், கொஞ்சம் மேக்கால தள்ளி வந்தாத்தான் வம்பு, மூக்க காத்துப்பக்கம் திருப்பி வெச்சு நண்டாட்டம் கோணலா வந்து கடேசில கால்ல மிதிச்சு நேராக்கோணுமாம். கையிலயே பிளேன் செஞ்சு காமிச்சாரு. ஸ்டால்னா இஞ்சின் ஆப் ஆகறதுன்னு இத்தன நாளா நெனச்சிட்டு இருந்தேன், அது இல்லியாம், மூக்க ரொம்ப தூக்குனா றெக்கை தாங்காம போறதுக்குத்தான் அந்தப் பேராம்.

பையனுக்கும் சொன்னாரு: பிபிஎல் வாங்கோணும்னா 17 வயசு, பத்தாவது பாஸு, மெடிக்கல், கொறஞ்சது 40 மணி நேரம் ஓட்டியிருக்கோணும். வேலைக்குன்னா சிபிஎல், அதான் கமர்சியல் பைலட் லைசென்சு, அதுக்கு 200 மணி நேரம். பணம் எவ்வளவுன்னு அவன் கேக்கறதுக்குள்ள நான் பேச்ச மாத்திட்டேன்.

அரை மணி எப்பவோ முடிஞ்சுது, எக்ஸ்ட்ரா காசு கேக்கல. போறவங்க ஞாயித்துக்கிழமை மட்டும் போயிராதீங்க, பர்த்டே கூட்டம், அண்ணனுக்கு பேச நேரமிருக்காது. கெளம்பறப்ப, மொத தடவ தனியா ஓட்டிட்டு எறங்குனப்ப எப்படிங்ணா இருந்துச்சுன்னு பையன்தான் கேட்டான். கூட்டாளிக பக்கெட் பக்கெட்டா தண்ணி ஊத்துனாங்க தம்பி, நம்மூரு நோம்பில மஞ்சத்தண்ணி ஊத்தற மாதிரி, ஊடு வரைக்கும் ஈரத்தோடதான் போனேன்னாரு.