சிங்கப்பூர்–திருச்சி விமானச்சீட்டும் கூகுள் ஃபிளைட்ஸும்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடியாகப் பறக்கும் நிறுவனங்கள் ஸ்கூட், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், இண்டிகோ என விரல்விட்டு எண்ணக்கூடியவையே. இவ்வளவு சிறிய தடத்துக்கு விலை ஒப்பிடும் சேவை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நால்வர் கொண்ட எங்கள் குடும்பத்துக்குப் பல ஆண்டுகளாகக் கூகுள் ஃபிளைட்ஸ் வழியாகவே சீட்டுத் தேடி வருகிறேன். எந்த நிறுவனம் மலிவு என்பதைவிட எந்த நாள் மலிவு என்பதைக் காட்டுவதில்தான் அதன் பயன் இருக்கிறது.

புறப்படும் நாளையும் திரும்பும் நாளையும் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் கட்டணத்தைக் காட்டும் தேதி அட்டவணைதான் நான் முதலில் திறப்பது. சூன் விடுமுறைக்கு அதைப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகப் புலப்படும். சிங்கப்பூரில் மே மாத இறுதியில் பள்ளிகள் மூடப்பட்டு நான்கு வார விடுமுறை தொடங்குகிறது. ஏறத்தாழ அதே நாட்களில்தான், கோடை விடுமுறைக்கு இங்கு வந்த தமிழ்நாட்டுக் குடும்பங்கள் அங்கே பள்ளி திறப்பதற்குள் ஊர் திரும்புகின்றன. இரண்டு கூட்டமும் ஒரே திசையில் ஒரே விமானங்களுக்கு மோதுவதால், அந்த வார இறுதியில் திருச்சிக்குச் செல்லும் கட்டணம் உச்சத்தில் நிற்கும். ஒரு வாரம் பொறுத்து, செவ்வாய் அல்லது புதன்கிழமை புறப்பட்டு, விடுமுறையின் கடைசி வார இறுதிக்கு முன்பே திரும்பிவிடுவது எங்கள் வழக்கமாகிவிட்டது. பிள்ளைகளுக்குப் பள்ளி நாள் எதுவும் இழப்பில்லை. மிச்சமாகும் தொகையோ கணிசமானது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இந்த உத்தி செல்லாது. நாள் நகராதபோது முன்கூட்டியே வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

கட்டணம் மாறும்போது மின்னஞ்சல் அனுப்பும் வசதியும் பயனுள்ளதே. ஆனால் விடுமுறைக் காலத்தில் அந்த மின்னஞ்சல்கள் பெரும்பாலும் ஏறிய விலையையே அறிவிக்கின்றன. செவ்வாய் நள்ளிரவில் வாங்கினால் மலிவு, மறைநிலைச் சாளரத்தில் (தேடல் வரலாற்றைச் சேமிக்காத உலாவிச் சாளரத்தில்) தேடினால் மலிவு என்றெல்லாம் பலரும் சொல்வதுண்டு. இரண்டையும் பலமுறை ஒப்பிட்டுப் பார்த்தும் எனக்கு வேறுபாடு தென்படவில்லை. விமான நிறுவனங்கள் இருக்கைகளைப் பல விலை அடுக்குகளாகப் பிரித்து விற்கின்றன. மலிவான அடுக்கு தீர்ந்ததும் அடுத்த அடுக்கு திறக்கிறது. நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடும்போது மலிவான அடுக்கில் இரண்டே இடம் இருந்தால், பொதுவாக நால்வருக்கும் உயர்ந்த கட்டணமே காட்டப்படும். எனவே ஒருவருக்கும் இருவருக்கும் தனித்தனியே தேடிப் பார்த்துவிட்டு, பெற்றோரில் ஒருவருடன் ஒரு பிள்ளை என்று இரண்டு முன்பதிவுகளாகப் பிரிப்பதுண்டு. விமானம் ரத்தானால் இரண்டு முன்பதிவுகளையும் தனித்தனியே மாற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்ற சிரமத்தையும் இதனுடன் எடைபோட வேண்டும்.

இச்சேவையின் பெரிய குறை பயணப்பெட்டிக் கணக்கு. முதலில் காட்டப்படும் தொகை பெரும்பாலும் கைப்பை மட்டும் கொண்டுசெல்பவருக்கானது. ஸ்கூட்டின் மிக மலிவான கட்டணத்தில் விமானத்தின் சரக்கறையில் ஏற்றும் பெட்டி கிடையாது, கூடுதல் தொகை செலுத்தினால்தான் உண்டு. கோடாலித் தைலமும் மைலோவும் இல்லாமல் ஊருக்குப் போய் இறங்க யாருக்குத் துணிவிருக்கிறது? ஆகவே பெட்டியுடன் சேர்ந்த தொகையை ஒவ்வொரு நிறுவனத்தின் தளத்திலும் பார்த்த பிறகே எது மலிவு என்று முடிவு செய்கிறேன். அப்போது வரிசை தலைகீழாவதும் உண்டு. போகவும் வரவும் ஒரே எடையை வாங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆனால் எதுவானாலும் இணையத்திலேயே வாங்கிவிட வேண்டும், விமான நிலைய முகப்பில் கேட்கும் தொகை மிக அதிகம்.

கோலாலம்பூரிலிருந்து ஏர் ஏசியாவில் சென்றால் மலிவு என்பதும் பலமுறை காதில் விழும். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் பயணத்தைத் தொடங்குபவரின் சீட்டிலேயே, 2024 ஏப்ரல் நிலவரப்படி, 65.20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) புறப்பாட்டுக் கட்டணமும் வரியும் அடங்கியிருப்பதால் கோலாலம்பூரிலிருந்து கிளம்பும் சீட்டு கவர்ச்சியாகத் தெரிவதில் வியப்பில்லை. தனியாகச் செல்லும் இளைஞருக்கு அது பொருந்தலாம். பேருந்துக் கட்டணம், எல்லைச் சோதனைச்சாவடி நெரிசல், தாமதமானால் விமானத்தைத் தவறவிடும் ஆபத்து ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால் குடும்பத்துக்கு அது சிக்கனமில்லை என்பதே என் கருத்து.

கூகுள் ஃபிளைட்ஸ் தேடித் தருமே தவிர, வாங்குவதற்கு விமான நிறுவனத்துக்கோ இணைய முகவருக்கோ நம்மை அனுப்பிவைக்கும். முகவர் தளம் பத்து வெள்ளி குறைத்துக் காட்டினாலும் நான் நிறுவனத்திடமே வாங்குகிறேன். பயண நேரம் மாறினாலோ பணம் திரும்பப் பெற வேண்டியிருந்தாலோ இடைத்தரகர் வழியாக அலைவதற்கு அந்தப் பத்து வெள்ளி ஈடாகாது. பெற்றோருக்குத் திருச்சியிலிருந்து எடுக்கும் சீட்டின் விலை ரூபாயில் வரும். அதை இங்குள்ள கடனட்டையில் செலுத்தினால் வெளிநாட்டு நாணயக் கட்டணம் கூடுதலாகப் பிடிக்கப்படுவதால், ஊரிலுள்ள தம்பியின் அட்டையிலேயே செலுத்தச் சொல்லிவிடுகிறேன்.