கேரவன், வேனுக்கு 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ்: எப்படி இருக்கிறது?
தொப்பூர் கணவாயில் வண்டி எப்படிச் சாய்ந்தாலும் இதில் குளிர் குறையாது. கேஸில் ஓடும் பழைய வகையை மட்டமாக நிறுத்தினால்தான் வேலை செய்யும். அதைவிட இதுவே மேல்.

தொந்தரவு ஈரம்தான். ஒகேனக்கல் ஆற்றோரத்தில் நிறுத்திக் கதவை அடிக்கடி திறந்தால் உள்ளே தண்ணீர் கோத்துக்கொள்ளும். கதவு ரப்பரில் பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள். சும்மா உருவி வந்தால் அந்த இடத்தில் காற்று புகுகிறது. வெந்நீர்த் துணியால் ஒற்றினால் ரப்பர் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். அந்த ஈரம் ஐஸாக உறைந்தால் கத்தியால் சுரண்டவே கூடாது, குழாய் ஓட்டையானால் குளிரூட்டும் கேஸ் போய்விடும்.

5 டிகிரிக்கு இறங்கவில்லையா? கம்ப்ரஸர் ஓடும்போது வோல்டேஜ் பாருங்கள். பேட்டரியில் 12.4, ஃப்ரிட்ஜ் முனையில் 11 என்றால் வயர் மெலிசு. 6 சதுர மி.மீ. செம்பு வயர் போடுங்கள்.