வோல்பியா, பெராசாவா? யாங்கீஸின் ஷார்ட்ஸ்டாப் தேர்வு

2023 வசந்தப் பயிற்சியில் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணிக்கு ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்கும் களத்தடுப்பாளர்) வேண்டியிருந்தது. போட்டியில் முன்னணியில் இருந்த இருவருமே யாங்கீஸின் சொந்த மைனர் லீக் (கீழ்நிலை) அணிகளில் வளர்ந்தவர்கள்.

வெனிசுவேலாக்காரர் ஓஸ்வால்ட் பெராசாவின் பலம் எறியும் கை. மூன்றாம் தளத்தை ஒட்டி ஆழமாக உருளும் பந்தைப் புறங்கையாகப் பிடித்து, காலூன்றி, முதல் தளத்துக்கு எறிய மொத்தம் நாலேகால் விநாடிதான் கிடைக்கும். சுமாரான கை அங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

அந்தோணி வோல்பி, புது வீரர்களை அணிகள் எடுக்கும் 2019 டிராஃப்டில் முதல் சுற்றுத் தேர்வு. கை சுமார்தான், பந்தைக் கையுறையிலிருந்து சட்டென எடுத்து ஈடுகட்டுவார். ஆனால் 2022 மைனர் லீக்கில் 21 ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது), 50 தளத் திருட்டு (பந்து வீசும்போதே அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்வது). இதை எந்த அணி விடும்?

இடம் வோல்பிக்கே போனது. முதல் சீசனில் களத்தடுப்புக்கான கோல்டு கிளவ் விருதும் வாங்கினார், மட்டைச் சராசரிதான் குறைவு, .209. பெராசா .191, ஆக அங்கேயும் மாற்று இல்லை. 2025இல் தோள் காயத்தோடு ஆடிய வோல்பி களத்தடுப்பில் 19 பிழைகள் செய்தார். அந்த ஆண்டு ஜூலையில் பெராசாவை ஏஞ்சல்ஸ் அணிக்கு அனுப்பிவிட்டார்கள்.