பழைய கடிதங்களை ஸ்கேன் செய்யக் கொடுக்கப் போகிறீர்களா? 8,500 ரூபாய் ஏமாந்தவள் எழுதுகிறேன்

நேற்று மாலை அந்தக் கடையிலிருந்து வந்த உறையைப் பிரித்ததிலிருந்து எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. பழைய கடிதங்களையும் படங்களையும் ஸ்கேன் செய்து ஆல்பமாகத் தரும் கடை அது. 8,500 ரூபாயை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். கொடுத்த 23 கடிதங்களில் திரும்பி வந்தவை 9. புகைப்படம் வரவே இல்லை.

அவை என்ன கடிதங்கள் என்று சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். 1955-இல் என் பாட்டி எழும்பூரில், வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் இருந்தார். அறைக்கு நான்கு பேர். அவர்களில் ஒரு தோழிக்கு வேறு சாதிக்காரர் மேல் விருப்பம். தோழியின் அப்பா மாதம் ஒருமுறை வந்து டிரங்குப் பெட்டியைக் குடைந்து பார்ப்பாராம். அதனால் காதலரின் இன்லேண்டு கடிதங்களெல்லாம் பாட்டி பெயருக்கு வந்தன, அடியில் 'உன் தங்கை' என்ற கையெழுத்தோடு! சாதி, மதம் பாராமல் பதிவுத் திருமணம் செய்துகொள்ள வழிசெய்யும் சிறப்புத் திருமணச் சட்டம் அந்த ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. நோட்டீஸ் ஒட்டி 30 நாள் காத்திருக்க வேண்டும், மூன்று சாட்சிகள் வேண்டும். அந்த 30 நாளும் அறைத்தோழிகள் மூவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் சாட்சிக் கையெழுத்துப் போட்டதும் அவர்கள்தான். அன்று நால்வரும் மாலை வாடும்வரை நின்று எடுத்துக்கொண்ட ஒரே படம்தான் இப்போது காணாமல் போயிருக்கிறது.

கடைக்காரரை ஏன் நம்பினேன்? வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டார். ஒரு கடிதத்தின் மடிப்பை விரல் நுனியால் நீவிவிட்டு, "எங்கள் பாட்டி வீட்டுப் பொருள்போலப் பார்த்துக்கொள்கிறோம் அம்மா" என்றார். அங்கேயே கவிழ்ந்துவிட்டேன். ரசீதில் 'பழைய காகிதங்கள்' என்று மட்டும் எழுதியதைப் பார்க்காமல் 8,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

முதல் மாதம் "மெஷின் பழுது" என்றார்கள். பிறகு "அனுப்பியாயிற்று, கூரியரில் கேளுங்கள்." கூரியர்காரரோ அப்படி ஒரு பார்சலே வரவில்லை என்றார். நேற்று போன் செய்தால், "நீங்கள் கொடுத்ததே 9 தானே? ரசீதில் எண்ணிக்கை எங்கே?" என்று வைத்துவிட்டார். 8,500 ரூபாய் வாங்கியவர் பேசுகிற பேச்சா இது?

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. கொடுக்கும் முன் ஒவ்வொன்றையும் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். ரசீதில் எண்ணிக்கையை எழுதி வாங்குங்கள். முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுக்காதீர்கள்.

நாளை நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் போகிறேன். பாட்டிக்கு 93 வயது. படம் வந்துவிட்டதா என்று காலையிலும் கேட்டார். இன்னும் சொல்லவில்லை.